சுலபம் யாருக்கு?

நான் எழுதிய சிறுகதை ஒன்றில் ஒரு துப்பாக்கி வந்தது. மூன்றே மூன்று வரிதான். வேட்டைக்குப் போன ஒருவன் சுடுகிறான், குறி தப்புகிறது, கதை மேலே போகிறது. அது வெளியான இரண்டாம் வாரம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் கதையில் வருகிற மாதிரி எந்த ரைஃபிளும் சுடாது. தெரியாததை எழுதாமல் விடுவது ஒன்றும் கஷ்டமில்லையே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வங்கி வாசலில் காவலாளியின் மடியில் கிடப்பதைத் தவிர, துப்பாக்கியை நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

வெட்கம் வந்தால் படிப்பும் வரும். ஒன்றரை மாத காலம், துப்பாக்கி செய்கிறவர்கள் எழுதிய புத்தகங்களையும் எஃகைப் பற்றிய புத்தகங்களையும் தேடிப் படித்தேன். கதையைத் திருத்துவதற்காகப் படிக்கத் தொடங்கியவன் கதையையே மறந்துவிட்டேன். அந்தப் புத்தகங்களுக்குள் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் உங்கள் சமையலறை வரைக்கும் வரும்.

ரைஃபிளின் குழல் என்பது ஒரு நீண்ட எஃகுத் தண்டு. அதன் நடுவே நெடுகத் துளையிட்டு, துளையின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் எடுத்திருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவதற்கு அந்தச் சுருள்தான் காரணம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழல்களை விலைக்கு வாங்கி, சொந்தப் பட்டறையில் துப்பாக்கிக்குப் பொருத்திக் கொடுத்துப் பிழைக்கும் கொல்லர்கள் பலர் உண்டு. அவர்களுடைய வேலையில் முக்கியமானது, குழலின் பின்முனையில் தோட்டா உட்காருவதற்கு ஓர் அறை கடைவது.

கொல்லர் குழலை லேத்தில் மாட்டுகிறார். துளையின் நடுவும் லேத்தின் நடுவும் ஒன்றாகிறதா என்று பார்ப்பதற்கே ஒரு பொழுது போய்விடும். பிறகு ரீமர் என்ற கருவியைத் துளைக்குள் செலுத்துகிறார். தோட்டா எந்த உருவமோ அதே உருவம் ரீமருக்கும். உடம்பெல்லாம் நீளவாட்டில் வெட்டும் விளிம்புகள். குழல் மெதுவாகச் சுழல, ரீமர் கொஞ்சம் வெட்டும். உடனே வெளியே எடுப்பார், சீவலைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், மறுபடியும் உள்ளே செலுத்துவார். அவசரப்பட்டு ஒரு சீவலை உள்ளே விட்டுவிட்டால் அது விளிம்பில் ஒட்டிக்கொண்டு அறையின் சுவரைச் சுற்றிலும் கீறிவிடும்.

எவ்வளவு ஆழம் கடைவது? இதற்கு இரண்டு அளவுக் கட்டைகள் இருக்கின்றன. ஒன்றை உள்ளே வைத்தால் துப்பாக்கியின் தாழ் மூட வேண்டும். மற்றொன்றை வைத்தால் மூடக் கூடாது. '.308 வின்செஸ்டர்' என்ற தோட்டாவுக்கு முதல் கட்டையின் அளவு 1.630 அங்குலம், இரண்டாவதன் அளவு 1.634 அங்குலம். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். தோட்டா வெடிக்கும்போது அந்த அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் எழலாம். காரின் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று சுமார் 30 பவுண்டு. சுடுகிறவனின் கன்னம் அந்த அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் எஃகின் சுபாவம் குறுக்கே வருகிறது. ஒரே ரீமர், ஒரே கை, ஒரே எண்ணெய். ஆனால் ஒரு குழலில் அறை கண்ணாடிபோல் வருகிறது. இன்னொன்றில் பிய்ந்து பிய்ந்து வருகிறது. இது ஏன் என்று எனக்குப் புத்தகத்தைப் படித்துப் புரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போனேன். கோயமுத்தூரில் பம்பு சாமான்கள் கடைந்தே தலை நரைத்தவர் அவர்.

"இதில் என்ன அதிசயம் சார்?" என்றார் மேஸ்திரி. "எங்களிடமும் ஈ.என். 1ஏ என்று ஓர் இரும்பு உண்டு. வாழைத்தண்டு சீவுகிற மாதிரி சீவலாம். சீவல் பொடிப்பொடியாக உதிரும். கருவி மழுங்காது. கடைந்தால் பளபளவென்று இருக்கும். கடைகிறவனுக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது."

"அதற்கு என்ன காரணம்?"

"கந்தகம் சேர்த்திருக்கிறான் சார்."

கந்தகம் எஃகுக்குப் பழைய பகை. அது அதிகமாகிவிட்டால், காய்ச்சி அடிக்கும்போதே எஃகு வெடித்துவிடும் என்று பழைய உருக்காலைக்காரர்கள் அதைக் கண்டு நடுங்கினார்கள். பிறகு மாங்கனீசைச் சேர்த்தால் கந்தகம் அதனோடு கூடிக்கொண்டு அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அப்படிக் கூடிய துணுக்குகள் எஃகுக்குள் ஆங்காங்கே கிடக்கும். கருவியின் முனை வந்து வெட்டும்போது அந்தத் துணுக்கு இருக்கும் இடத்தில் சீவல் சுலபமாக ஒடிந்துவிடுகிறது. பகைவனையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டதுபோல, இப்போது வேண்டுமென்றே அதைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் பகை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. எஃகைத் தண்டாக உருட்டி நீட்டும்போது இந்தத் துணுக்குகளும் நூல்நூலாக நீளவாட்டில் நீண்டுவிடுகின்றன. மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறுக்கே ஒடிப்பது கஷ்டம். நெடுக்காகப் பிளப்பது எளிது. கந்தகம் மிகுந்த எஃகுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் வந்துவிடுகிறது. துப்பாக்கிக் குழலுக்குள் வெடிக்கும் வாயு குழலை எந்தப் பக்கம் பிளக்கப் பார்க்கிறது? நெடுக்காகத்தான்! கொல்லருக்குச் சுலபமாக இருக்கும் அதே குணம், சுடுகிறவனுடைய கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பலவீனமாக உட்கார்ந்திருக்கிறது. இதைத் தாங்கும்படி குழலின் கனத்தை வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் குறை குறைதான்.

மேஸ்திரியை நான் கேட்டேன்: "கடைகிறவனுக்கு நல்ல இரும்பு என்றீர்களே, வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எதற்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் சார் நான் போடுவேன். திருகு, மூடி என்றால் பரவாயில்லை. பாரம் தாங்குகிற தண்டு என்றால் அந்த இரும்பைத் தொடமாட்டேன். கேட்காமல் போடுகிறவனும் இருக்கிறான். பார்வைக்கு அவன் வேலை என் வேலையைவிடப் பளபளப்பாக இருக்கும்."

இந்த வாக்கியம் என்னைத் தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர் எஃகுக்குப் பேர்போனது. அங்கே எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1871-இல் பிறந்தவர் ஹாரி பிரேர்லி. சிறு வயதிலேயே ஆலைக்கு வேலைக்குப் போய், சோதனைச் சாலையில் புட்டி கழுவி, தாமாகவே படித்து முன்னுக்கு வந்தவர். 1912-இல் அவரிடம் ஒரு பிரச்னை வந்தது. துப்பாக்கிக் குழல்கள் சூட்டினாலும் வாயுவினாலும் உள்ளே அரித்துப் போகின்றன; அதற்கு ஒரு வழி காண வேண்டும். குரோமியத்தைப் பல அளவுகளில் சேர்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி, நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியம் கலந்த எஃகை உருக்கி வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அதைத் திராவகத்தில் நனைத்தபோது திராவகம் அதை லேசில் தீண்டவில்லை. துருப்பிடிக்காத எஃகு ஒன்று கையில் கிடைத்துவிட்டது என்று அவர் தெரிந்துகொண்டார்.

துப்பாக்கிக்காரர்கள் அதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. இதில் கத்தி செய்யலாமே என்று தோன்றியது பிரேர்லிக்கு. ஷெஃபீல்டில் கத்தி செய்கிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அடிக்க வராத எஃகு, தீட்ட வராத எஃகு, பதம் பிடிபடாத எஃகு என்றார்கள். 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கேலி செய்தார்களாம். கடைசியில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற மேலாளர்தான் பொறுமையோடு முயன்று பதத்தைக் கண்டுபிடித்தார். 'ஸ்டெயின்லெஸ்' என்று பேர் வைத்தவரும் அவரே. இன்று நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர், நிக்கலும் சேர்ந்த அதன் நெருங்கிய உறவினர். காலையில் நாம் காப்பி குடிக்கும் பாத்திரத்தின் வம்சாவளியில் ஒரு துப்பாக்கிக் குழல் இருக்கிறது!

ஷெஃபீல்டு கொல்லர்கள் ஏன் மறுத்தார்கள்? உபயோகிக்கிறவனுக்கு அந்த எஃகு நல்லது. செய்கிறவனுக்கு அது கஷ்டம். வீட்டில் கத்தியைக் கழுவித் தேய்த்துத் துருவோடு போராடும் பெண்பிள்ளையின் கையை, பட்டறையில் இருப்பவன் நினைக்கவில்லை. தன் கையை மட்டுமே நினைத்தான்.

இங்கே நான் கட்டுரையை நிறுத்திவிட்டால், 'கஷ்டப்பட்டுச் செய்வது தர்மம், சுலபமாகச் செய்வது பாவம்' என்று ஒரு பொன்மொழி கிடைத்துவிடும். சுவரில் எழுதி மாட்டலாம். ஆனால் அது உண்மை அல்ல.

பிரேர்லியின் எஃகுக் குடும்பத்திலும் பிற்காலத்தில் கந்தகத்தைச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் அதற்கு 416 என்று எண். நூறு கிலோவில் குறைந்தது 150 கிராம் கந்தகம் இருக்கும். குரோமியம் ஒரு பங்கு அளவே உள்ள 4140 என்ற இன்னொரு குழல் எஃகில் 40 கிராமுக்கு மேல் அனுமதியில்லை. இரண்டிலும் அறை கடைந்த கொல்லர்கள் 416-ஐத்தான் மெச்சுகிறார்கள். அறை வழவழப்பாக வருகிறது. அந்த வழவழப்பு கொல்லரின் கண்ணுக்கு மட்டும் அல்ல. தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளை உறை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, பிறகு சுருங்கி வெளியே வருகிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால், கீறல்களுக்குள் பித்தளை புகுந்துகொண்டு வர மறுக்கும். ஆகவே செய்கிறவனுக்குச் சுலபமான எஃகு ஒரு விதத்தில் சுடுகிறவனுக்கும் நல்லது. போட்டிகளுக்கான குழல் செய்வதற்கென்றே, கந்தகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆனால் அறவே நீக்காமல், 416-இல் ஒரு தனி வகையையும் உருக்குகிறார்கள். இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டு ஒருவர் அளவு வகுத்திருக்கிறார். தர்மம் அந்த அளவில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கேட்காமல் வகுத்தால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி உண்டு. 1960-களில் வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எம்-16 என்ற புதிய ரைஃபிளைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பிருந்த எம்-14 ரைஃபிளின் குழலுக்கு உட்புறம் குரோமியப் பூச்சு உண்டு. புதியதற்கு அது வேண்டாம் என்று மேலே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். தோட்டாவின் மருந்தையும் மாற்றினார்கள். துடைக்கும் சாமான்கள்கூடச் சிப்பாய்களுக்குப் போதுமான அளவு போகவில்லை. மழையும் புழுக்கமும் நிறைந்த நாடு அது. தோட்டா அறையின் எஃகு துருப்பிடித்துச் சொரசொரத்தது. வெடித்த உறை உள்ளேயே சிக்கிக்கொண்டது. துப்பாக்கியைப் பிரித்துப் போட்டபடியே தோழர்கள் செத்துக் கிடந்தார்கள் என்று போர்க்களத்திலிருந்து கடிதங்கள் வந்தன. 1967-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று விசாரணை நடத்தியது. அந்த ஆண்டிலேயே அறைக்குக் குரோமியப் பூச்சுக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வேலை குறைந்தது. அதற்கான விலையை, பல ஆயிரம் மைலுக்கு அப்பால், அவரைத் தெரியாத ஒரு பையன் கொடுத்தான்.

உங்களில் சிலர் இப்போது கேட்பீர்கள்: 'கொல்லுகிற கருவியை யோக்கியமாகச் செய்தால் என்ன, அயோக்கியமாகச் செய்தால் என்ன? சுடுகிறவனுடைய கன்னத்துக்காக இவ்வளவு உருகுகிறீரே, எதிரே நிற்கிறவனை நினைத்தீரா?' இந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடவில்லை. சுடுவதைச் சுலபமாக்கினால் அந்தச் சுலபத்துக்கும் ஒருவன் விலை கொடுக்கிறான். அவன் எதிரே நிற்பவன். இதற்கு என்னிடம் விடை இல்லை. கொல்லர் கேட்க வேண்டிய 'இது எதற்குப் போகிறது?' என்ற கேள்வி, பட்டறையின் வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பது மட்டும் தெரிகிறது. அது மேலே போகப் போகக் கேட்கிறவனுக்கே பயம் வரும். அதற்காகத்தான் பலரும் அதைத் தொடங்குவதே இல்லை போலும்.

மேஸ்திரி சொன்னது என்னை ஏன் தைத்தது என்று சொல்ல வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன் நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாவது வாரத்தில் கதை நகரவில்லை. பேனாவை எடுத்தால் பிய்ந்து பிய்ந்து வந்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குப் போயிருந்தேன். எனக்குத் தூரத்து உறவில் அக்காள் முறையாகும் ஒருத்தி, புருஷன் விட்டுப் போன கதையை ஒரு மத்தியானம் என்னிடம் சொல்லி அழுதாள். வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. பட்டணத்துக்குத் திரும்பிய அன்று இரவே நான்கு அத்தியாயம் எழுதினேன். பேனா நிற்கவே இல்லை. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஒரு குழந்தையைச் சேர்த்தேன். பத்திரிகாசிரியர் பாராட்டினார். கடிதங்கள் வந்து குவிந்தன. என் எழுத்தில் அவ்வளவு வழவழப்பு அதற்கு முன் வந்ததில்லை.

நான் மாற்றியது போதவில்லை. ஊரிலே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த முறை நான் போனபோது அக்காள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபமாகப் பேசவில்லை. "நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய் தம்பி" என்றாள். பிறகு, "இனிமேல் நான் கிணற்றடிக்கு எப்படிப் போவது?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசாமல் இல்லை. வெயிலைப் பற்றிப் பேசுவாள். விலைவாசியைப் பற்றிப் பேசுவாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கதையை நான் எழுதியிருக்கவே கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. மனிதர்களின் துக்கத்தைத் தொடாமல் எந்த நாவலும் இல்லை. அது அறவே கந்தகம் இல்லாத எஃகு கேட்பது மாதிரி. ஆனால் அவளிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மாற்றியிருப்பேன்; இரண்டு அத்தியாயம் கஷ்டப்பட்டு எழுதியிருப்பேன்; கடிதங்கள் குறைவாக வந்திருக்கும். எனக்கு அந்த வாரம் சுலபமாக இருக்க வேண்டியிருந்தது. அதற்கு விலை கொடுத்தவள் கிணற்றடிக்குப் போக முடியாதவள்.

வாசகருக்குப் பதில் எழுதிவிட்டேன். கதையிலிருந்து அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டதாகத் தெரிவித்திருக்கிறேன். அது பெரிய காரியம் அல்ல. மூன்று வரிகளை அடிப்பது சுலபம்.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் ஊருக்குப் போய் அக்காளைப் பார்த்தேன். அவளுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. அவளைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைப் படித்துக் காட்டி, இதைப் போடலாமா என்று கேட்டேன். அவள் வெகு நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கொள் தம்பி" என்றாள். "அந்தக் கிணற்றைத் தூர்த்துப் பத்து வருஷம் ஆகிறது."

அது மன்னிப்பா இல்லையா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.